வேலையாள் வெட்டிய புல்

இடுக்கி மலையில் அண்மையில் ஒரு கட்சிக் கல்வி வகுப்பு நடந்தது. ஐரோப்பியத் தத்துவவாதிகளும் சனநாயகக் கருத்துகளும் என்பது பாடம். ஹாப்ஸ், லாக், ரூசோ எனப் பெயர்கள் வரிசையாக வந்துகொண்டிருந்தபோது, கொழுந்து பறிக்கும் பெண் தோழர் ஒருவர் பின்வரிசையிலிருந்து எழுந்தார். "முந்நூறு வருசத்துக்கு முன்னாடி வெள்ளைக்காரச் சீமையில எழுதி வச்சதை நாங்க எதுக்குத் தோழர் படிக்கணும்? எங்க லயத்துல தகரம் ஒழுகுது. அதை மாத்துறதுக்கு அந்தப் புத்தகத்துல வழி இருக்கா?" என்று கேட்டார். வகுப்பு சிரித்தது.

அது சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வி அன்று. பாடத்தைப் பாராமல் ஒப்பித்துவிட்டுப் போகும் கல்வியாளர்களைவிட அந்தத் தோழர் பாடத்தின் நடுப்புள்ளிக்கு அருகில் நின்றார். அவருடைய கேள்விக்கு விடை தேடுவதே இத்தலையங்கத்தின் நோக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முதலாளித்துவச் சிந்தனையாளர்கள் என்று பெயரிட்டு இவர்களைக் கடந்து போவது மார்க்சிய மரபு அன்று. 1880இல் வெளிவந்த 'கற்பனாவாத சோசலிசமும் விஞ்ஞான சோசலிசமும்' என்னும் நூலை எங்கெல்ஸ் பிரெஞ்சு அறிவொளிச் சிந்தனையாளர்களிடமிருந்தே தொடங்குகிறார். மதம், அரசு, சமூகம் ஆகிய அனைத்தையும் அவர்கள் பகுத்தறிவின் முன்னால் நிறுத்தி விசாரித்ததை அவர் மதிக்கிறார். அவர்கள் எதிர்நோக்கிய பகுத்தறிவின் ஆட்சி, நடைமுறையில் முதலாளி வர்க்கத்தின் ஆட்சியாகவே முடிந்தது என்பதையும் அவர் மறைக்கவில்லை. எதைப் பெற்றுக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று பிரித்தறியும் இந்த முறையே நமக்கும் உரியது.

குடி என்னும் சொல்

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவர்களுக்குச் சொற்களின் வயது தெரியும். 'குடி' மிகப் பழைய சொல். குடும்பத்தையும் குலத்தையும் குறித்தது. அரசனுக்கு அடங்கி வாழும் மக்களையும் குறித்தது. வள்ளுவர் அரசனுக்குரிய ஆறு உறுப்புகளை எண்ணும்போது படையோடும் பொருளோடும் குடியையும் சேர்த்து எண்ணுகிறார். அந்த ஆறையும் உடையவன் அரசன். அங்கே குடி உடைமை, அரசனே உடையவன்.

அதே சொல் இருபதாம் நூற்றாண்டில் தலைகீழாகத் திரும்பியது. 1925இல் ஈரோட்டிலிருந்து பெரியார் தொடங்கிய வார இதழின் பெயர் 'குடி அரசு'. கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 1931இல் வெளிவரத் தொடங்கியது அந்த இதழில்தான். வெ. சாமிநாத சர்மா ரூசோவின் நூலைச் 'சமுதாய ஒப்பந்தம்' என்னும் பெயரில் தமிழுக்குத் தந்தார். அவர்களுக்கும் முன்னர், 1882 முதல் 1888 வரை சென்னைச் சுயசிந்தனையாளர்கள் 'தத்துவ விவேசினி' என்னும் தமிழ் இதழை நடத்தி, ஐரோப்பியப் பகுத்தறிவு விவாதங்களை நம் மொழிக்குள் கொண்டுவந்தார்கள். அரசனுக்கு உரியவராக இருந்த குடி, அரசுக்கு உரியவராக ஆன வரலாறு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியச் சிந்தனையாளர்கள் செய்த வேலையும் இதுவே. உள்நாட்டுப் போரின் அச்சத்தில் 1651இல் 'லெவியத்தான்' எழுதிய ஹாப்ஸ் முடியாட்சியை ஆதரித்தவர். ஆயினும் அரசனின் அதிகாரம் விண்ணிலிருந்து வரவில்லை, மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட உடன்பாட்டிலிருந்தே வருகிறது என்று அவர் கூறினார். ஆம்ஸ்டர்டாம் யூத சமூகத்திலிருந்து 1656இல் விலக்கி வைக்கப்பட்ட ஸ்பினோசா, கண்ணாடி வில்லைகளைத் தேய்த்துப் பிழைத்துக்கொண்டே, 1670இல் பெயர் போடாமல் ஒரு நூலை வெளியிட்டார். ஆட்சிமுறைகளில் சனநாயகமே மனித இயல்புக்கு மிக நெருக்கமானது, எண்ணத்தின் மீது எந்த அரசும் அதிகாரம் செலுத்த முடியாது என்பவை அதன் முடிபுகள். 1689இல் லாக் வெளியிட்ட 'அரசாங்கம் பற்றிய இரு ஆய்வுரைகள்' நூலிலும் ஆசிரியர் பெயர் இல்லை. இவர்கள் பெயரை மறைத்து எழுதியது எதிரில் நின்ற ஆபத்தை அறிந்ததால்தான்.

கடவுளின் பேராளனும் பாலக்காட்டு அடைக்கலமும்

லாக்கின் முதலாம் ஆய்வுரை முழுவதும் ஃபில்மர் என்பவருக்கு மறுப்பு. ஆதாமுக்கு இறைவன் கொடுத்த தந்தை அதிகாரமே வழிவழியாக மன்னர்களுக்கு வந்தது என்று ஃபில்மர் வாதிட்டிருந்தார். இது ஏதோ தொலைதூரத்து வழக்கு என்று எண்ண வேண்டாம். 1750இல் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் நாட்டைப் பத்மநாபசுவாமியின் காலடியில் ஒப்படைத்து, பத்மநாபதாசராக ஆளத் தொடங்கினார். நாடு கடவுளுடையது, மன்னன் அவருடைய ஊழியன் என்றால், மன்னனைக் கேள்வி கேட்பது கடவுளைக் கேள்வி கேட்பதாகிவிடும். தேவிகுளமும் பீர்மேடும் அந்த நாட்டின் பகுதிகள்.

கேள்வி கேட்டவர் இருந்தார். 'ஸ்வதேசாபிமானி' இதழின் ஆசிரியர் ராமகிருஷ்ண பிள்ளை திவானின் ஊழலையும் ஆட்சியின் எதேச்சாதிகாரத்தையும் எழுதினார். மன்னனைக் கடவுளின் பேராளனாகக் கொள்ளும் கருத்தையே தாக்கினார். 1910 செப்டம்பர் 26 அன்று வக்கம் மௌலவிக்குச் சொந்தமான அச்சகம் பறிமுதல் செய்யப்பட்டது. ராமகிருஷ்ண பிள்ளை கைது செய்யப்பட்டு, ஆரல்வாய்மொழி வழியாகத் திருநெல்வேலிக்கு நாடு கடத்தப்பட்டார். பின்னர் அவர் தங்கிய ஊர்களுள் ஒன்று பாலக்காடு. அங்கே எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா அவருக்கு அடைக்கலம் கொடுத்தார். இந்திய மொழிகளில் வெளிவந்த முதல் கார்ல் மார்க்ஸ் வரலாறு எனக் கருதப்படும் அவருடைய மலையாள நூல் 1912இல் வெளிவந்தது.

மன்னனின் தெய்வீக உரிமையை மறுத்த ஒருவர், நாடு கடத்தப்பட்ட நிலையில் மார்க்ஸ் வரை வந்து சேர்ந்தார். லாக்கிலிருந்து மார்க்சுக்குச் செல்லும் வழியில் நம் பாலக்காடும் ஒரு தங்குமிடமாக இருந்தது.

புல்லை வெட்டியவர் யார்?

இனி வகுப்பில் கேள்வி கேட்ட தோழரின் லயத்துக்கு வருவோம். லாக்கின் இரண்டாம் ஆய்வுரையில் சொத்தைப் பற்றிய அதிகாரம் ஒன்று உண்டு. நிலமும் அதன் விளைவும் தொடக்கத்தில் எல்லோருக்கும் பொது. ஒருவன் தன் உடலுக்கு உரியவன். ஆகவே தன் உழைப்புக்கும் உரியவன். பொதுவானதில் தன் உழைப்பைக் கலந்தால் அது அவனுடையதாகிறது. பிறருக்குப் போதுமான அளவும் அதே தரத்திலும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

கேட்பதற்கு உழைப்பாளியின் சாசனம் போல இருக்கிறது. ஆனால் அடுத்த பக்கத்திலேயே ஒரு சிறிய வாக்கியம் வருகிறது. தம் குதிரை மேய்ந்த புல், தம் வேலையாள் வெட்டிய புல், தாம் தோண்டி எடுத்த கனிமம் ஆகிய மூன்றையும் லாக் ஒரே தட்டில் வைத்து, மூன்றும் தமக்கே உரியவை என்கிறார். உழைத்தவன் உரியவன் என்றால், வேலையாள் வெட்டிய புல் வேலையாளுக்கு அல்லவா உரியது? லாக் இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. கூலி கொடுத்தவுடன் வேலையாளின் கை எசமானின் கையாகிவிடுகிறது. குதிரைக்கும் வேலையாளுக்கும் அந்த வாக்கியத்தில் வேறுபாடு இல்லை.

இது கைதவறி விழுந்த வாக்கியம் அன்று. அமெரிக்காவின் கரோலைனா குடியேற்றத்தின் உரிமையாளர்களுக்குச் செயலாளராகப் பணியாற்றியவர் லாக். அடிமை வணிகம் செய்த ராயல் ஆப்பிரிக்க நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தவர். அமெரிக்கப் பழங்குடி மக்களின் காடுகள் உழப்படாமல் வீணாகக் கிடப்பவை என்பது அவருடைய வாதங்களுள் ஒன்று. உழுபவன் கையில் நிலம் உரிமையாகிறது. உழாதவன் அங்கேயே பிறந்து வளர்ந்திருந்தாலும் அவனைக் கேட்க வேண்டியதில்லை.

மூணாற்றின் வரலாற்றை இந்த இரண்டு வாக்கியங்களையும் கையில் வைத்துக்கொண்டு படிக்கலாம். 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளை, ஏறத்தாழ 227 சதுர மைல் பரப்பை, பெற்றுக்கொண்டார். அந்த மலையில் வாழ்ந்த முதுவர்களை யாரும் கேட்கவில்லை. வழிகாட்டவும் சுமை தூக்கவும் மட்டும் அவர்கள் தேவைப்பட்டார்கள். பிறகு காடு அழிக்கப்பட்டது. சிங்கோனாவும் காப்பியும் நடப்பட்டன. இறுதியில் தேயிலை நிலைத்தது. பாண்டிச் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்து மலையேற்றினார்கள். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் சொந்த நிலம் இல்லாத தாழ்த்தப்பட்ட சாதியினர்.

முன்பணம் வாங்கிக் கைநாட்டு வைத்ததும் ஓர் 'ஒப்பந்தம்' தான். சட்டத்தின் பார்வையில் இருவரும் சமமானவர்கள். இருவரும் தம் விருப்பத்தால் இணங்கியவர்கள். ஆனால் 1859இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இயற்றிய 13ஆம் சட்டம், முன்பணம் வாங்கிய தொழிலாளி வேலையை விட்டுப் போனால் அதைக் குற்றமாக்கிச் சிறைத் தண்டனை விதித்தது. அச்சட்டம் 1925இல்தான் நீக்கப்பட்டது. 1867இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் தொகுதியில், உழைப்புச் சக்தி விற்கப்படும் சந்தையில் சுதந்திரமும் சமத்துவமும் ஆட்சி செய்வதாக மார்க்ஸ் எள்ளலோடு எழுதியது எதைப் பற்றி என்பதை நம் பாட்டன்களின் கைநாட்டு சொல்லும்.

நான்கைந்து தலைமுறை உழைப்பு அந்த மண்ணில் கலந்திருக்கிறது. லாக்கின் முதல் வாக்கியத்தின்படி அந்தச் சரிவுகள் அவர்களுக்கு உரியவை. இரண்டாம் வாக்கியத்தின்படி அவர்கள் வேலையாள்கள். வெட்டிய புல்லும் பறித்த கொழுந்தும் அவர்களுடையவை அல்ல. வரலாறு இரண்டாம் வாக்கியத்தையே நடைமுறைப்படுத்தியது.

இதில் நம் சொந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும். 1957 ஏப்ரல் 5 அன்று பதவியேற்ற கேரளத்தின் முதல் அமைச்சரவை, ஆறாம் நாளில் குத்தகையாளர்களையும் குடிகிடப்பாளர்களையும் வெளியேற்றுவதைத் தடை செய்து அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1970 சனவரி 1 முதல் நிலப்பிரபுத்துவக் குத்தகை முறை ஒழிந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டு வாழ்ந்த குடிகிடப்பாளருக்குக் கிராமப் பகுதியில் 10 சென்ட் வரை உரிமை கிடைத்தது. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத சாதனை இது. ஆனால் தோட்ட நிலங்களுக்கு உச்சவரம்பிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தோட்டத்தைத் துண்டாக்கினால் உற்பத்தி குலையும் என்பது காரணமாகக் கூறப்பட்டது. கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்கும் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. தேயிலை நட்ட பரப்பு தோட்டத்திடமே இருந்தது.

பள்ளத்தாக்கில் குடிகிடப்பாளர் நிலவுடைமையாளர் ஆனார். மலையில் லயத்துக் குடியிருப்பாளர் வேலையாளாகவே இருந்தார். தோட்டத்தில் பெயர் இருக்கும் வரைதான் அவருக்கு லயம். ஓய்வு பெற்றதும், வீட்டில் வேறு எவரும் தோட்டத்தில் பெயர் கொடுக்காவிட்டால், அவர் காலி செய்ய வேண்டும். 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியபோது 70 பேர் மாண்டார்கள். எங்கே குடியிருப்பது என்று தாமே தீர்மானிக்க முடியாதவர்களின் சாவு அது. கூரைத் தகரத்தைப் பற்றிய கேள்வி லாக்கின் அந்த அதிகாரத்துக்கு வெளியே இல்லை.

ஒரு வாய் நீர்

லாக் விதித்த நிபந்தனை ஒன்றைச் சொன்னோம்: பிறருக்குப் போதுமானது எஞ்ச வேண்டும். அதை விளக்க அவர் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு நீர். ஆற்றில் ஒருவன் தாகத்துக்குக் குடித்தால் மற்றவனுக்கு இழப்பு இல்லை. ஆறு முழுவதும் அவனுக்கு மிச்சமிருக்கிறது என்கிறார்.

சித்தூர் வட்டத்துப் பிளாச்சிமடையில் ஆறு மிச்சமிருக்கவில்லை. 2000ஆம் ஆண்டில் அங்கே கோக்க கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சிறிது காலத்திலேயே சுற்றிலும் கிணறுகளில் நீர் இறங்கியது. எஞ்சிய நீரும் வாயில் வைக்க முடியாததாயிற்று. 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் போராட்டம் தொடங்கியது. எரவாளர், மலசர் முதலிய பழங்குடி மக்களும் தமிழ் பேசும் விவசாயக் கூலிகளும் அதில் இருந்தார்கள். எரவாளர் சமூகத்தைச் சேர்ந்த மயிலம்மா அதன் முகமானார். பெருமாட்டி ஊராட்சி 2003இல் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் உற்பத்தி நின்றது.

இந்த வழக்கில் உயர் நீதிமன்றம் வழங்கிய இரண்டு தீர்ப்புகளைக் கட்சித் தோழர்கள் ஒன்றாக வைத்துப் படிக்க வேண்டும். 2003 டிசம்பரில் தனி நீதிபதி, நிலத்தடி நீர் மக்களின் பொதுச் செல்வம், அரசு அதன் காப்பாளர் மட்டுமே என்றார். 2005 ஏப்ரலில் இரு நீதிபதிகள் அமர்வு, தன் நிலத்தின் அடியில் உள்ள நீரை எடுக்க உடைமையாளருக்கு உரிமை உண்டு என்ற கருத்துக்குத் திரும்பி, வரம்புக்கு உட்பட்டு எடுக்க அனுமதித்தது. ஒரு தீர்ப்பு நிபந்தனையிலிருந்து பேசுகிறது. மற்றது உடைமையிலிருந்து பேசுகிறது. 1689இல் எழுதிய நூலின் உள்முரண், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் பாலக்காட்டுக் கிணறுகளின் மீது தீர்ப்பாக எழுதப்பட்டது. பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் அமைக்க 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. கிணறு வற்றியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்.

உடைமை இல்லாதவருக்கு வாக்கு உண்டா?

1647 அக்டோபர் இறுதியில், இலண்டனை அடுத்த புட்னி தேவாலயத்தில் இங்கிலாந்துப் புரட்சிப் படையினர் கூடி ஒரு விவாதம் நடத்தினார்கள். லெவலர்கள் பக்கம் நின்ற ரெய்ன்ஸ்பரோ, மிக ஏழையானவனுக்கும் வாழ வேண்டிய ஓர் உயிர் இருக்கிறது, ஆகவே அவனுடைய ஒப்புதலின்றி எந்த அரசும் அவனை ஆளக் கூடாது என்று வாதிட்டார். கிராம்வெல்லின் மருமகன் அயர்ட்டன், நாட்டில் நிலையான உடைமை இல்லாதவனுக்கு வாக்குரிமை இல்லை என்றார். எல்லோருக்கும் வாக்கு கொடுத்தால் நாளை அவர்கள் சொத்தையே வாக்கெடுத்து ஒழித்துவிடுவார்கள் என்பது அவருடைய அச்சம். அயர்ட்டன் பக்கமே வென்றது.

இதை மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கி, சனநாயகத்தின் தாய் நாம்தான் என்று இன்று முழங்குகிறார்கள். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் அடிக்கல் நாட்டு விழாவில் பிரதமர் உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்காட்டினார். பராந்தக சோழனின் கல்வெட்டுகள் நம் பெருமைக்கு உரியவைதான். குடவோலை முறையும், கணக்குக் காட்டாதவரைத் தகுதி நீக்கும் விதியும் வியப்புக்குரியவை. ஆனால் அந்தக் கல்வெட்டை முழுமையாகப் படிக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி ஆகியவை உறுப்பினராவதற்கான தகுதிகள். பார்ப்பனர் ஊரின் சபை அது. உத்திரமேரூரில் உழுதவர்களின் பெயர் குடத்துக்குள் போகவில்லை. புட்னியின் அயர்ட்டனும் உத்திரமேரூரின் சபையும் ஒரே கதவுக்கு ஒரே பூட்டைத்தான் போட்டார்கள்.

ஆகவே பிளவு கிழக்குக்கும் மேற்குக்கும் இடையில் இல்லை. உடைமையே மனிதனைக் குடிமகனாக்குகிறது என்று சொன்னவர்கள் இரு பக்கமும் இருந்தார்கள். மனிதனாக இருப்பதே போதும் என்றவர்களும் இரு பக்கமும் இருந்தார்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் ஆகியவற்றைத் தாம் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து அல்ல, புத்தரிடமிருந்தே பெற்றதாக அம்பேத்கர் 1954இல் வானொலியில் கூறினார். பிரான்சிலேயே பெண்களின் உரிமைப் பிரகடனத்தை 1791இல் எழுதிய ஒலிம்ப் த கூஜ் இரண்டாண்டுகளில் கில்லட்டினுக்கு அனுப்பப்பட்டார். அதே 1791இல் ஹெய்ட்டியின் அடிமைகள் எழுந்து, மனிதனின் உரிமை என்றால் தங்களுக்கும்தான் என்று பாரிசுக்குக் கற்பித்தார்கள்.

நம் நாட்டில் அந்தப் பூட்டை 1950இன் அரசமைப்புச் சட்டம் உடைத்தது. சொத்து, கல்வி, சாதி, பால் எதையும் கேளாமல் வயது வந்த அனைவருக்கும் வாக்கு வந்தது. 1957இல் தேவிகுளம் தொகுதி கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூசைத் தேர்ந்தெடுத்தது. அத்தேர்தல் செல்லாது என்றாகி 1958இல் இடைத்தேர்தல் வந்தபோது, பாவலர் வரதராசன் மலையெங்கும் தமிழில் பாடினார். தோட்டத் தொழிலாளர்கள் அதே வேட்பாளரை மீண்டும் அனுப்பினார்கள். லயத்தில் தம் பெயரில் ஒரு கதவுகூட இல்லாதவர்கள் சட்டமன்றத்தின் கதவைத் திறந்தார்கள். அயர்ட்டன் அஞ்சியது எதுவோ அதுவே நம் நம்பிக்கை.

பேராளர்களைப் பற்றி ரூசோ

1762இல் வெளிவந்து ஜெனீவாவில் எரிக்கப்பட்ட 'சமுதாய ஒப்பந்தத்தில்' ரூசோ ஆங்கிலேயரைக் கேலி செய்கிறார்: அவர்கள் தம்மைச் சுதந்திரமானவர்கள் என்று எண்ணிக்கொள்கிறார்கள், தேர்தல் நடக்கும் நாளில் மட்டுமே அது உண்மை. தேர்ந்தெடுத்து முடித்ததும் மீண்டும் அடிமைகள். மக்களின் விருப்பத்தை வேறொருவர் நிரந்தரமாகக் குத்தகைக்கு எடுக்க முடியாது என்பது அவர் கருத்தின் சாரம்.

2015 செப்டம்பரில் மூணாற்றில் கொழுந்து பறிக்கும் பெண்கள் சாலையில் அமர்ந்தபோது இந்தக் கேள்வியைத்தான் நம்மிடம் கேட்டார்கள். 20 விழுக்காடு போனசும் கூலி உயர்வும் அவர்களுடைய கோரிக்கைகள். 'பெம்பிளை ஒருமை' என்று தம்மை அழைத்துக்கொண்ட அவர்கள், நிர்வாகத்தை மட்டுமன்றி, எல்லாக் கொடிகளின் கீழும் இருந்த தொழிற்சங்கத் தலைவர்களையும் விலகி நிற்கச் சொன்னார்கள். ஒன்பது நாள் போராட்டத்தில் போனஸ் கோரிக்கையை வென்றார்கள். அந்த அமைப்பு பின்னர் பிளவுபட்டதைச் சுட்டிக்காட்டி நாம் நிம்மதி அடைந்தால் அது தவறு. அவர்களுக்காகப் பேசிய மேசையில் அவர்கள் இல்லை. பெரும்பான்மையும் பெண்களான தொழிலில் பேச்சுவார்த்தைக்குப் போனவர்கள் ஆண்கள். ஒப்புதல் ஒருமுறை பெற்று வைத்துக்கொள்ளும் சந்தாச் சீட்டு அன்று. எந்த அரசுக்கும் பொருந்தும் இந்த விதி சங்கத்துக்கும் கிளைக்கும் பொருந்தும்.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துள்ளன. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தனிச் சட்டமாக இல்லாமல் போய்விட்டது. குறித்த காலத்துக்கு மட்டும் வேலை என்னும் ஒப்பந்த முறை விரிகிறது. கைநாட்டு வைத்த பாட்டனின் 'சுதந்திர ஒப்பந்தம்' பேரனுக்குக் கணினி அச்சில் வருகிறது. இதை எதிர்த்துப் போராட வேண்டுமானால், 2015இல் நம்மை விலகி நிற்கச் சொன்ன அந்தப் பெண்கள் நம் முன்வரிசையில் இருக்க வேண்டும். அதற்கு அவர்களுடைய ஒப்புதலை நாம் மீண்டும் ஈட்டியாக வேண்டும்.

புரியாத மொழியில் ஒப்புதல் இல்லை

மக்களுக்கு அறிவிக்கப்பட்டு அவர்கள் அறிந்திருக்கும் சட்டங்களைக் கொண்டே ஆள வேண்டும் என்று லாக் எழுதினார். அறிவிக்கப்பட்டது எந்த மொழியில் என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவை இருக்கவில்லை. எல்லையில் வாழும் நமக்குத் தேவை இருக்கிறது.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் பிறந்தன. அதற்காகப் போராடிய இயக்கம் நம்முடையது. எந்தக் கோட்டை எங்கே வரைந்தாலும் கோட்டுக்கு அப்பால் ஒரு சிறுபான்மை நிற்கும் என்பதும் நமக்குத் தெரிந்ததே. அதனாலேயே அதே ஆண்டின் அரசமைப்புத் திருத்தம், தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரும் கடமையை 350அ பிரிவாகச் சேர்த்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசு அலுவலகங்களோடு தம் மொழியில் கடிதம் எழுதவும் அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வழி செய்தது. இது யாரும் இரங்கிக் கொடுத்த சலுகை அன்று, சட்டம் தந்த உரிமை.

ஆயினும் வீட்டுமனைக்கான விண்ணப்பமும், நிலம் பற்றிய அறிவிப்பும், தொகுப்புச் சட்டங்களின் விதிகளும் எந்த மொழியில் லயத்துக்கு வந்து சேர்கின்றன? படிக்கத் தெரியாத தாளில் இடும் கையெழுத்து பழைய கைநாட்டிலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டது? கேரள ஊராட்சிச் சட்டப்படி கிராம சபை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். ரூசோ கனவு கண்ட குடிமக்கள் பேரவைக்கு நம்மிடம் உள்ள மிக நெருங்கிய வடிவம் அதுவே. 1877இல் எவரும் கேட்காமல் விட்ட முதுவர்களுக்கு 2010இல் இடமலைக்குடியில் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி கிடைத்தது என்பது சிறிய செய்தி அன்று. அந்தச் சபையில் நடப்பது விளங்காமல் ஒருவர் வாயடைத்து உட்கார்ந்திருந்தால், அவர் வந்த கணக்கில் சேர்வார். ஒப்புதல் தந்த கணக்கில் சேர மாட்டார்.

கிளைகள் செய்ய வேண்டியவை

ஆகவே இந்தப் பாடம் வகுப்போடு முடியக் கூடாது. எல்லைப் பகுதியின் ஒவ்வொரு கிளையும், தன் பகுதிக்கு வரும் அரசாணைகளையும் அறிவிப்புகளையும் தமிழில் தருமாறு 1969 சட்டத்தைச் சுட்டி எழுத்தில் கேட்க வேண்டும்; மறுமொழியையும் தமிழில் பெற வேண்டும். கிராம சபையில் தமிழில் பேசவும் தீர்மானங்களைத் தமிழிலும் பதியவும் கோர வேண்டும். ஓய்வு பெற்ற தோட்டத் தொழிலாளர்களுள் சொந்த மனை இல்லாதவர்களின் பட்டியலை லயம் லயமாகத் தயாரித்து, மனைக்கான கோரிக்கையை இரக்கத்தின் பெயரால் அல்லாமல் உழைத்தவரின் உரிமையாக முன்வைக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்குச் செல்லும் குழுவில் பாதிக்குக் குறையாமல் பெண் தொழிலாளர்கள் இருப்பதைச் சங்கங்கள் உறுதி செய்ய வேண்டும்.

கேள்வி கேட்ட தோழருக்கு நம் விடை இது. அந்தப் புத்தகத்தில் தகரத்துக்கு வழி எழுதப்படவில்லை. தகரம் உங்கள் பெயரில் ஏன் இல்லை என்பது அதில் எழுதப்பட்டிருக்கிறது; உங்களைக் கேட்காமல் எவரும் உங்களை ஆளக் கூடாது என்பதும் அதே புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவதை நாம் எடுத்துக்கொள்கிறோம். வேலையாள் வெட்டிய புல் எசமானுக்கே என்னும் அந்த ஒரு வாக்கியத்தை அடித்துவிடுகிறோம். அடித்துத் திருத்தும் அந்த வேலையில் நீங்களும் வந்து அமருங்கள், தோழரே.